பதினெட்டாவது வரி

இளைஞர் தலைமைப் பண்பு முகாம், இரண்டாம் நாள்.
மானூர்ப் பள்ளிக்கூடத்தில் வெள்ளை வேட்டி கட்டி
அதில் பனிக்கரடியைக் காட்டினார்கள்.
மின்விசிறிக் காற்றில் வேட்டி அசைய
கரடி நடப்பது போலவே இருந்தது.
பிறகு கரண்டு போயிற்று.
இருட்டுக்குள் எவனோ கேட்டான்:
"ஐஸ் உருகுது, சரி.
இங்க சர்பத்துல போடவே ஐஸ் பத்தலையே சார்."
சிரித்தோம். நானும்தான்,
எல்லாரையும்விடச் சத்தமாக.

அந்தச் சத்தத்துக்காகத்தான் என்னைத் தலைவன் ஆக்கினார்கள்.
முதல் நாள், கை தூக்கித் தேர்தல்:
எனக்கு இருபத்தாறு, முப்பிடாதிக்கு நாலு.
அவள் பேட்டையில் வயர்மேன் படிக்கிறாள்.
சர்டிபிகேட்டுக்குத்தான் வந்தேன் என்று
மேடையிலேயே சொன்னவள்.
நானும் அதற்குத்தான் வந்தேன்.
சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் சடையன்குளத்துக் கரை.
பங்குனி. தண்ணீர் பின்வாங்கிப் பின்வாங்கி
நடுவில் ஒரு தட்டளவு மின்னியது.
மிச்சமெல்லாம் சேறு, எருமைக் குளம்படி.
குளம்படிக்குள் ஏதோ ஓடிற்று.
எலி என்றேன்.

"கொசு உள்ளான்," ஜெர்சோம் கிசுகிசுத்தான்.
"ஒரு கை வறுகடலை எடைதான் இருக்கும்.
வடக்கே, உன் வேட்டிக் கரடி இருக்கே,
அந்தப் பக்கத்துப் பறவை."

தொலைநோக்கி என் கைக்கு வந்தபோது
ஒன்று நேரே நின்று சேற்றைத் தைத்துக்கொண்டிருந்தது
தையல் மிஷின் வேகத்தில்.
முதுகில் செம்பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது.
ஊருக்குக் கிளம்புமுன் போடுகிற நிறமாம்.
கல்யாண வீட்டுக்கு பஸ் பிடிக்கிற அவசரம்
அதன் காலில்.

படிவத்தில் பதினெட்டாவது வரி அதற்கு.
ஜெர்சோம் எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு.
முப்பிடாதி எண்ணியது முந்நூற்று நாற்பது.
"நடுவுல போட்டுருவோம்," என்றேன், தலைவன் அல்லவா,
"இருநூத்தி எழுபத்தாறு."
நல்ல எண். ரெண்டு பேருக்கும் மனவருத்தம் இல்லை.
"எழுபத்தாறாவது உள்ளானை
நீ பாத்தியாலே?" என்றாள்.

மறுபடி எண்ணினோம்.
மூச்சை அடக்கி, பத்துப் பத்தாக,
நூற்றைம்பதைத் தாண்டியிருப்போம்.
என் போன் அடித்தது.
அம்மா. குளிச்சியா என்று கேட்க.

சேறு முழுக்க ஒரே உதறலில் எழுந்தது.
வெள்ளையாகப் புரண்டு, பழுப்பாகப் புரண்டு,
கிழக்கே கங்கைகொண்டான் பக்கம் போய்ப்
புள்ளியாகி, அதுவும் இல்லாமலாகி.

யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
முப்பிடாதி அட்டையை நீட்டினாள்.
"எழுது."
"என்னன்னு?"
"நடந்ததை."

எண்ண முடியவில்லை.
தலைவரின் போன் அடித்ததால் பறந்துவிட்டன.
கீழே கையெழுத்திட்டேன்.
வியர்வையில் மை கொஞ்சம் இழுவிற்று.

இது ஆனி. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன்,
தார் ரோடு காலைப் பிடிக்கிறது.
அங்கே இப்போது ராத்திரி கிடையாதாம்.
அணையாத வெயிலில், நாலு முட்டைமேல்
உட்கார்ந்திருக்கும், எண்ணப்படாத ஒன்று.
அடியில் உறைந்த மண்
இந்த வருஷம் எவ்வளவு ஆழத்துக்கு இளகியதோ.
யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
வேட்டியை மடித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

ஜெர்சோம் மெசேஜ் அனுப்பியிருந்தான்:
சடையன்குளத்துல மண் அள்ளப் போறாங்களாம்,
கரையோரம் பூரா.
அதுங்க திரும்பி வரும்போது எங்க எறங்கும்?
திங்கக்கிழமை மனுநாள். கலெக்டர் ஆபீஸ்.
யாருலே பேசுறது?

முப்பிடாதி, என்று அனுப்பினேன்.
நீ?
நான் பக்கத்துல நிக்கேன்.
போனை வீட்ல வச்சிட்டு வாரேன்.

அவன் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான்.
கீழே இன்னொரு வரி:
ஆனாலும் இருநூத்திப் பன்னெண்டுதான்.